அரை ஆயுள்

சுங்கை டுவா மாமாக் கடையில்
விசிறிக்கு நேர் கீழே எனக்கொரு மேசை.
மருந்தியல் குறிப்பு பறந்துவிடாமல்
ஓர் ஓரத்தில் சம்பல் கிண்ணம்,
மறு ஓரத்தில் இரண்டாவது கோப்பி ஓ.
மணி பதினொன்று.

நான்காம் முறை படிக்கிறேன்.
முதல்முறை மஞ்சள் கோடு போட்டேன்,
அடுத்த முறை பச்சை.
பக்கத்தில் இப்போது கோடில்லாத வரியே இல்லை.
தலையில் வரியே இல்லை.

போன செமஸ்டரும் இப்படித்தான்.
விடிய விடிய விழுங்கிப் போட்டுவிட்டுத்
தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்தால்
எனக்கு விடை தெரிந்த ஒரே இடம்
பெயர் எழுதும் கோடு.
உதட்டோரம் புண், கையில் நடுக்கம்,
மேகி தின்று தின்று மரத்த நாக்கு.
பத்தரைக்கே விளக்கணைக்கும் ஹுய் மின்,
என் அறைத்தோழி,
புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துத்
தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்பவள்.
அவளைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தேன்
முடிவுகள் வரும்வரை.

"என்னக்கா படிக்கிறீங்க?"
மேசை துடைக்க வந்த ஜியாவுதீன்.
தேவிபட்டினத்துக்காரன். என் வயதுதான்,
ஆனாலும் அக்கா.
துணிக்கு வழிவிடக் குறிப்பை மூடி
மடியில் வைத்துக்கொண்டேன்.
மூடியபின் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உடம்புக்குள் போன மருந்து
பாதியாகக் குறைய ஆகும் நேரம். அதுதான் அரை ஆயுள்.
இந்தக் கோப்பியையே எடுத்துக்கோ,
ஐந்து மணிநேரம் என்று வை.
இப்போது குடித்தால் விடிகாலை நான்குக்குப் பாதி.
ஒன்பதுக்கு நான் பரீட்சை எழுதும்போதும்
கால்வாசி இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

"அப்ப ஏன் இப்பக் குடிக்கிறீங்க?"

விசிறி சுற்றியது.
சம்பல் கிண்ணத்தில் ஒரு எறும்பு
விளிம்பை இருமுறை வலம் வந்தது.

பதில் வராததால் அவனே அடுத்ததைக் கேட்டான்.
"பாதி, பாதியில பாதி...
முழுசா எப்பத்தான் தீரும்?"
ரசீதின் பின்னால் எழுதிக் காட்டினேன்,
நூறு, ஐம்பது, இருபத்தைந்து என்று கீழிறங்கி.
ஐந்து முறை பாதியானால் நூற்றுக்கு மூன்று.
கணக்குப்படி தீரவே தீராது.

"ஏஜெண்டு கடன் மாதிரி" என்றான்.
துணியைப் பிழிந்துவிட்டு,
"இல்லக்கா. இது குறையுது."

ஆறாம் மேசையில் எவரோ ரொட்டிக்குக் குழம்பு கேட்டார்கள்.
போய்விட்டான்.

கோப்பி பாதிக் கோப்பையில் நின்றது. நிற்கட்டும்.
கேம்பஸ் மேட்டில் ஏறும்போது
பையைத் திறக்காமலே சொல்லிப் பார்த்தேன்:
நூறு, ஐம்பது, இருபத்தைந்து.
படிக்கொன்றாய் வந்தது.
சிறுநீரகம் என்ன செய்யும், கல்லீரல் எதை வடிக்கும்,
எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.
விளக்குக் கம்பத்தடியில் நின்று அந்த ஒன்றை மட்டும் பார்த்தேன்.
மூச்சு வாங்கியது.
மூன்று மாதத்தில் என் கால்கள் செய்த முதல் வேலை இது.
கீழே, பாலத்தின் விளக்குகள்
கடலுக்கு மேல் கரை தேடிக்கொண்டிருந்தன.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லைதான்.
குடித்தவரை குடித்தது குடித்ததுதான்.
நான்கு மணிக்கு, என் கோப்பி பாதியாகும் நேரத்தில்,
ஹுய் மின்னின் சீரான மூச்சைக் கேட்டபடி நினைத்தேன்:
இப்போதுதான் அவன் ஷட்டரை இறக்கியிருப்பான்.
தூங்கு என்று எந்தக் குறிப்பு
அவனுக்குச் சொல்லும்?

பரீட்சை சுமார்.
அதற்கடுத்த நாள் மாலை ஆறுக்கே போனேன்.
சுடுதண்ணீர் ஒன்று என்றேன்.
சிரிக்காமல் முப்பது காசு என்றான்.
கோப்பையை வைத்துவிட்டு நின்றான்.
"ஏழாவது பாதியில எவ்வளவுக்கா மிச்சம்?
இருங்க, சொல்லாதீங்க."

ஈரத் துணி தோளில் சொட்ட,
விரல் மடக்க ஆரம்பித்தான்.